தோண்டாத சாலையும் அமிழும்

சாலையைத் தோண்டாமல் பக்கவாட்டில் துளையிட்டு நிலத்தடிக் குழாய் பதிக்கும் முறை, 1971-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆற்றைக் கடக்கப் பயன்பட்டது. போக்குவரத்து தடைபடாது, நல்ல முறைதான். ஆனால் ஜெஞ்சாரோம் அமைந்துள்ள கோல லங்காட் வட்டாரத்தில் மென்களிமண்ணும் சதுப்பு மண்ணும் அதிகம்.

துளை சரியாமலிருக்க பெண்டோனைட் களிமண் கலந்த நீரை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அழுத்தம் மிகுந்தால் சாலை உப்பி, வெடிப்பு வழியே சேறு கொப்பளிக்கும். குறைந்தால் துளை சரியும். குழாயைவிடத் துளை அகலம். எஞ்சும் இடைவெளி மெல்ல மூடும்போது தார்ச்சாலை அமிழும். அதற்குள் குத்தகையாளர் போயிருப்பார். மழையிரவில் விழுபவர் மோட்டார் சைக்கிளோட்டிதான்.

எனவே வேலைக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்து பல மாதங்கள் வரையும் சாலை மட்டத்தை அளக்க வேண்டும். சாலை அமிழவில்லை என்று தெரிந்த பிறகே குத்தகையாளரின் வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும்.