காணாத அருவியும் எழுதிய கட்டுரையும்

“அருவிக் காட்சி” என்னும் பொருளில் கட்டுரை வரையுமாறு ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரைப் பணித்தேன். முப்பத்திரண்டு ஏடுகளில் முப்பது குற்றாலத்தைப் புகழ்ந்தன. எஞ்சிய இரண்டும் நயாகராவை. எழுதியோருள் ஒருவரும் அவற்றைக் கண்டவரல்லர். மலைதோறும் அருவி வீழும் நாட்டிலே, கண்டி நகரிலே வாழும் பிள்ளைகள் இவர்கள்! பிழை அவர்களதன்று. அவர்கள் பார்த்தெழுதிய கைந்நூலைப் பல்லாண்டுகளாகப் பரிந்துரைத்தவன் யானே.

ஆதலின், 2023ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர்களைப் புகையிரதத்திலேற்றித் தலவாக்கலைக்கு அழைத்துச் சென்றேன். பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி எனச் சமவெளி விட்டு வண்டி மலையேறிற்று. அற்றனுக்கு அப்பால் நெடுஞ்சுரங்கத்தின் இருளைக் கடந்து, கொட்டகலையையும் தாண்டியதும், தேயிலைச் சரிவுகளிடையே டெவன் அருவியும் சென் கிளேயர் அருவியும் தோன்றின. முன்னது 97 மீற்றர் உயரம். பின்னது 80 மீற்றர் உயரமேயாயினும் அகலத்தாற் பெயர்பெற்றது. (நீர்வீழ்ச்சி என்று எழுதாது அருவி என்றே எழுதுகிறேன். சங்கப் புலவர் ஆண்ட சொல் நம்மிடம் இருக்க, ஆங்கிலத்தைப் பெயர்த்து வைத்துக்கொள்வானேன்?)

ஆனால் யாம் கண்ட சென் கிளேயர், பழைய படங்களிற் கண்ட சென் கிளேயர் அன்று. பாறையே பெரிதாகத் தெரிந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேற் கொத்மலை மின்திட்டம், கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கவழியே கொண்டுசென்று 150 மெகாவாற்று மின்வலுவை ஆக்குகிறது. அணைக்குக் கீழே உள்ள அருவிக்குப் பகலில் ஓரளவு நீர் விடுவதென்பது ஏற்பாடு. “ஐயா, அருவியைத் திறந்து பூட்டுகிறவர் யார்?” என்று ஒரு மாணவி வினவினாள். விடை கூற எனக்கு இயலவில்லை.

மின்விளக்கின் கீழிருந்து இதனை எழுதும் யான் மின்வலுவைப் பழித்தல் தகாது. என் வருத்தம் வேறு. அந்த அருவி நிறைந்து வீழ்ந்த காலத்தைத் தமிழில் எழுதி வைத்தோர் எத்தனை பேர்? அதன் ஓசை கேட்டுக் கொழுந்து பறித்தோர் நம்மவரே. அவர்களை நாம் கேட்டோமா? வினாத்தாள் ஆக்கும் ஆசிரியர்காள், இனியேனும் “நீ கண்ட அருவி” என்று வினவுங்கள்.

திரும்பி வந்தபின் மீண்டும் கட்டுரை வாங்கினேன். கொட்டகலைப் பக்கத்திலிருந்து வந்து பயிலும் ஒரு மாணவன், மழைக்காலத்தில் லயத்து வாசலில் நின்று பேசுவதானால் உரக்கக் கத்தவேண்டியிருந்ததென்று தன் அப்பாயி சொன்னதை எழுதியிருந்தான். “நான் போனபோது மெதுவாய்ப் பேசினாலே கேட்டது” என்பது அவனுடைய அடுத்த வாக்கியம். றகர ரகரப் பிழைகள் நான்கு இருந்தன. அவற்றைத் திருத்திவிட்டு, அவ்வேட்டை வகுப்பில் யானே வாசித்தேன்.