வேலியே பயிரை மேய்ந்தால்



கன்னடியன் கால்வாய் பாயும் கல்லிடைக்குறிச்சி வயல்களில் மாடு இறங்கினால் காண்போர் குரல் கொடுப்பர். கோல் எடுத்து விரட்டுவர். ஆனால் வேலியே பயிரை மேய்ந்தால் யார் விரட்டுவது? காவலன் என்று நம்பியதாலேயே அதன்மீது நம் கண் செல்வதில்லை. கணிப்பொறி உலகில் இப்பழமொழிக்கு விளக்கமாக அமைந்திருப்பவை போலி வைரஸ் தடுப்பு நிரல்கள். பாதுகாப்பதாக வாக்களித்துக் கொள்ளையிடுவதே அவற்றின் தொழில்.

இதெல்லாம் நகரத்தார் கவலை, நமக்கென்ன என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஓய்வூதியம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், வீட்டில் அப்பளம் இடும் பெண்கள் வெளியூர் வணிகரிடமிருந்து பணம் பெறுவதும் இன்று கைப்பேசியிலும் கணிப்பொறியிலும்தான் நடைபெறுகின்றன. பணம் இருக்கும் இடத்தைத் திருடனும் அறிவான்.

வைரஸ் என்பது கணிப்பொறிக்குள் நுழைந்து தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நச்சு நிரல். தனியார் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் எனக் கூறப்படும் 'பிரெய்ன்', 1986ஆம் ஆண்டு லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. நோய் பரவவே மருந்தும் பிறந்தது. நம் சென்னையிலேயே 1991இல் தொடங்கிய கே7 நிறுவனம் இத்தகைய தடுப்பு நிரல்களை உருவாக்கி வருகிறது. ஆதலால் தடுப்பு நிரல் என்பதே பொய் என்று கொள்ளலாகாது. நல்ல மருந்து விற்கும் சந்தையில் போலி மருந்தும் புகுந்துவிட்டது என்பதே உண்மை.

அப்போலி வணிகம் எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு வழக்கே சான்று. உக்ரைன் நாட்டின் கீவ் நகரிலிருந்து இயங்கிய 'இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங்' என்ற நிறுவனத்தின்மீது, 2008 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. இணையத்தில் உலவுவோரின் திரையில், அவர்களுடைய கணிப்பொறியைச் சோதிப்பது போன்ற காட்சியொன்றை அந்நிறுவனம் ஓடவிடும். ஆபத்தான கோப்புகள் அகப்பட்டன என்று அறிவிக்கும். அவற்றை அகற்ற 'வின்ஃபிக்ஸர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' முதலிய நிரல்களை ஏறத்தாழ 40 டாலருக்கும் அதற்கு மேலும் விற்கும். உண்மையில் அங்கே சோதனை எதுவும் நடைபெறவில்லை. அது வெறும் படக்காட்சி. இவ்வாறு ஏமாந்தோர் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று ஆணையம் கூறியது. 2012இல் அந்நிறுவனத்தின் நிர்வாகிகளுள் ஒருவர் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது.

இவர்கள் பூட்டை உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்காரரை அச்சுறுத்தி, அவர் கையாலேயே கதவைத் திறக்கச் செய்தார்கள். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? அந்த மிரட்சியே இவர்களது மூலதனம்.

இன்று அவ்வணிகம் மற்றொரு வடிவம் கொண்டுள்ளது. ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் வெளியூரில். மாலைச் செபம் முடித்துக் கணிப்பொறியில் பழைய பக்திப் பாடல் ஒன்றைத் தேடுகிறார். திடீரெனத் திரை சிவக்கிறது, சங்கொலி அலறுகிறது. "உங்கள் கணிப்பொறி பூட்டப்பட்டுவிட்டது. அணைக்காதீர்கள். உடனே இவ்வெண்ணை அழையுங்கள்" என்ற வாசகம் தோன்றுகிறது. அழைத்தால் மறுமுனையில் கனிவான குரல்: "அம்மா, கவலைப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்." தொலைவிலிருந்தே கணிப்பொறியை இயக்க உதவும் நிரலொன்றை நிறுவச் சொல்கிறார்கள். அதன் வழியே உள்ளே வந்து, எல்லாக் கணிப்பொறிகளிலும் வழக்கமாகப் பதிவாகும் சிறு பிழைக் குறிப்புகளைக் காட்டி, அவையே வைரஸ் என்கிறார்கள். பிறகு கட்டணம், அதன்பின் வங்கிக் கணக்கு. வாழ்நாள் சேமிப்பு கரைய ஒரு மணி நேரம் போதும்.

இக்கொடுமையில் நம் நாட்டின் பங்கைக் கூறவும் நா கூசுகிறது. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை, 'சக்ரா 2' என்ற பெயரில் நாட்டின் பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களும் அதற்குக் காரணம். இந்நிறுவனங்களின் உதவி மையம் போல நடித்து, அயல்நாட்டினரின் திரையில் பொய் எச்சரிக்கை காட்டிப் பணம் பறித்த அழைப்பு மையங்கள் அப்போது வெளிச்சத்திற்கு வந்தன. அம்மையங்களில் அமர்ந்து பேசுவோர் யார்? படித்துவிட்டு வேலை தேடிய யாரோ சிலரின் பிள்ளைகளே. பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ அழைப்பு மையத்தில் பணிக்குச் சேர்ந்தால், ஊதியம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே எதை விற்கிறார்கள், யாரிடம் என்ன சொல்லி விற்கிறார்கள் என்றும் கேளுங்கள். எங்கோ ஒரு மூதாட்டியின் கண்ணீரில் வந்த சம்பளம் இல்லத்தை வாழவைக்காது.

சரி, மெய்யையும் பொய்யையும் எவ்வாறு பிரித்தறிவது? கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை எண்ணிப் பாருங்கள். வேறெங்கோ இட்ட அப்பளத்தின் உறையில் இவ்வூர்ப் பெயரை அச்சிட்டு விற்றால், இடும் வீட்டிலேயே வாங்குகிறவர் ஏமாறார்; உறையை மட்டும் பார்த்து வாங்கும் தொலைவூராரே ஏமாறுவர். இங்கும் அதுவே நெறி. தானாகத் தேடி வந்த எச்சரிக்கையின் வழியே எதையும் வாங்காதீர்கள். தேவையெனில் நீங்களே அந்நிறுவனத்தின் மெய்யான தளத்திற்குச் சென்று பெறுங்கள். விண்டோஸ் 10, 11 கணிப்பொறிகளில் 'டிஃபெண்டர்' என்னும் காவல் நிரல் கட்டணமின்றி உடன் வருகிறது. நடுவண் அரசு 2017இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வும் இலவசத் துப்புரவு நிரல்களை வழங்குகிறது.

பின்வருவனவற்றை மனத்தில் இருத்துங்கள். இணையப் பக்கம் ஒன்று உங்கள் கணிப்பொறியின் கோப்புகளைத் தானாகச் சோதித்து வைரஸ் கண்டுபிடிக்க இயலாது. மைக்ரோசாஃப்ட்டின் மெய்யான எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. சிவப்புத் திரை தோன்றினால் அதில் எதையும் தொடாதீர்கள். மின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துக் கணிப்பொறியை அணைத்துவிடுங்கள். மீண்டும் இயக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடையளியுங்கள். கைப்பேசியில், கலியாண அழைப்பிதழ் என்றோ போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்புகளை நிறுவவே கூடாது. அழைப்பிதழ் என்பது படமாக வரும், செயலியாக வராது.

கணிப்பொறி தரும் மெய்யான மேம்பாடுகளைத் தள்ளிப்போடுவதும் தவறு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' நச்சு நிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைப்பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தத்தளித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் ஏற்றவர் தப்பினர்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற உதவி எண்ணையும் அழையுங்கள். முறையீடு விரைவாகச் சென்றால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

ஆயினும் பலர் இதைச் செய்வதில்லை. காரணம், வெட்கம். படித்த நாமே ஏமாந்தோமே, பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று முதியோர் வாய் மூடியிருக்கிறார்கள். அந்த மௌனத்தில் திருடன் இரண்டாம் முறையும் வருகிறான். இளையோரே, "ஆச்சி, இது கூடவா தெரியாது?" என்று கேட்காதீர்கள். "ஆச்சி, நல்லவேளை சொன்னீர்கள், வாருங்கள், இப்போதே வங்கிக்குப் பேசுவோம்" என்று கூறுங்கள். அந்த ஒரு சொல் எந்தத் தடுப்பு நிரலையும்விட வலியது.

நல்ல ஆயனைப் பற்றிய உவமையில், வாயில் வழியாக வராதவனைக் கள்வன் என்று நம் ஆண்டவர் அடையாளம் காட்டுகிறார். ஆடுகள் அந்நியன் குரலைப் பின்செல்லா என்றும் உரைக்கிறார். தெரிந்த குரலைக் கேட்டுப் பழகிய குடும்பமே தெரியாத குரலை இனங்காணும். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அக்குத்திஸ், கணிப்பொறியைக் கொண்டே நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகிற்கு அளித்த இளைஞர். கருவி தீயதன்று, அதைப் பிடித்த கையை அறிதல் வேண்டும்.

இம்மாத அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இளைஞர் ஒருவர், தனியே வாழும் பெரியோரின் கைப்பேசிகளை அவர்கள் முன்னிலையிலேயே பார்த்து, வேண்டாத செயலிகளை நீக்கிக் கொடுக்கட்டும். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவையுங்கள். அதன் கீழே, அவசரத்தில் அழைக்கக்கூடிய பிள்ளையின் எண்ணும் இருக்கட்டும்.