சொல் பிழைத்தால் வழக்கும் பிழைக்கும்

எமது மக்களுக்கான நீதிக் கோரிக்கை இன்று ஜெனீவாவின் மண்டபங்களிலும், நாம் வாழும் நாடுகளின் நாடாளுமன்றக் குழுக்களிலும், எமது பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழகங்களிலும், இரவு பகலாக ஓயாத இணைய விவாதங்களிலும் எடுத்துரைக்கப்படுகின்றது. இவ்விடங்கள் அனைத்திலும் எமக்குள்ள பலம் உண்மை ஒன்றே. அந்த உண்மையைச் சொல்லும் முறையில் நாம் காட்டும் அலட்சியம் எமது கோரிக்கைக்கே பகையாகி வருகின்றது என்பதை இனியும் மூடிமறைப்பதில் பயனில்லை.

"ஐக்கிய நாடுகள் சபையே இனப்படுகொலை என்று அறிவித்துவிட்டது", "40,000 பேர் கொல்லப்பட்டதை ஐநா உறுதிப்படுத்திவிட்டது" என்னும் இரண்டு வாக்கியங்களை எமது மேடைகளில் கேளாதவர் அரிது. இரண்டும் பிழையானவை. ஐநா செயலாளர் நாயகம் நியமித்த, மர்சுகி தருஸ்மன் தலைமையிலான மூவர் குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. பொதுமக்களின் இறப்பு 40,000 வரை இருந்திருக்கக்கூடும் என நம்பத்தகுந்த தரப்புகள் மதிப்பிட்டுள்ளதாகவே அது கூறியது. போர்க்குற்றங்களும் மானுடத்திற்கு எதிரான குற்றங்களும் ஆகக்கூடிய, நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றும் அது கூறியது. இனப்படுகொலை நிகழ்ந்தது என்று அது முடிவுரைக்கவில்லை. 2015 செப்ரெம்பரில் ஐநா மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் வெளியிட்ட விசாரணை அறிக்கையும் அவ்வாறு முடிவுரைக்கவில்லை.

மற்றோர் எண்ணையும் எடுத்துக்கொள்வோம். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தோர் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்பதே அவரது கேள்வி. கச்சேரிகளின் பதிவுகளிலிருந்து எழுந்த கேள்வியாதலால், அதற்கு விடையளிக்கும் கடமை முற்றாக அரசினுடையது. இதனை நாம் "146,679 பேர் கொல்லப்பட்டனர்" என்று திரிக்கும் கணத்தில் நிகழ்வது என்ன? கணக்குக் காட்டவேண்டிய அரசு கைகட்டி நிற்க, ஒவ்வோர் இறப்பையும் மெய்ப்பிக்கும் சுமை எமது தோள்களுக்கு மாறிவிடுகின்றது. ஆயர் எதிராளியின் கழுத்தில் மாட்டிய கேள்வியை நாமே கழற்றி எமது கழுத்தில் மாட்டிக்கொள்கின்றோம்.

எண்ணைப் பெருக்கினால்தான் குற்றம் பெரிதாகும் என்ற எண்ணமே இப்பிழைக்கு அடிப்படை. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையை ஊன்றிப் படித்தவர் இவ்வாறு எண்ணமாட்டார். ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுமத்தை, அக்குழுமம் என்ற காரணத்தினாலேயே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் செயல்களை அது வரையறுக்கின்றது. இத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்னும் அளவு எதுவும் அதில் இல்லை. 1995 யூலையில் சிறெபிறெனிக்காவில் ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை, முன்னாள் யூகோசுலாவியாவுக்கான தீர்ப்பாயம் 2001இலும், அனைத்துலக நீதிமன்றம் 2007இலும் இனப்படுகொலை எனத் தீர்த்தன. ஆகவே மெய்ப்பிக்கப்பட வேண்டியது நோக்கம். யார், எப்போது, எதற்காகக் கட்டளையிட்டார். பாதுகாப்பு வலயம் என அறிவித்த நிலத்தின்மீது எறிகணை வீழ்ந்தது எவ்வாறு. உணவும் மருந்தும் ஏன் மறுக்கப்பட்டன என்னும் கேள்விகளே வழக்கை நடத்துபவை.

இனப்படுகொலை என்ற சொல்லை நாம் கைவிடவேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அது எமது மக்களின் முடிவு என்று சொல்ல எமக்கு முழு உரிமை உண்டு. 2015 பெப்ரவரி 10ஆம் நாள் வடக்கு மாகாணசபை அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றியது. 2022 மே 18இல் கனேடிய நாடாளுமன்றத்தின் மக்களவை அந்நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இவை மெய்யான அடைவுகள். ஆயினும் நாடாளுமன்றத் தீர்மானத்தை நீதிமன்றத் தீர்ப்பு என்று சொல்வது பிழை. ஒன்ராறியோ மாகாணம் 2021இல் இயற்றிய தமிழ் இனப்படுகொலை கல்வி வாரச் சட்டம் நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டு நிலைத்தது. அரசியலமைப்பின்படி அச்சட்டம் செல்லுமா என்பதே அங்கு தீர்க்கப்பட்டது. அதனை "கனேடிய நீதிமன்றம் இனப்படுகொலையை உறுதிசெய்தது" என்று எழுதுவோர், உள்ள வெற்றியையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றனர்.

சொற்களை நுணுகி நோக்குவது எதிராளிக்குப் பணிவதாகாது. எமது தாய்மார் இதனை எமக்குக் கற்பித்துள்ளனர். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த அவர்கள், தமது பிள்ளைகளைக் "காணாமல் போனோர்" என்று அழைக்க மறுத்து, "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று உரைத்தனர். போனவர் தாமாகவே போயிருக்கலாம். ஆக்கப்பட்டவருக்குப் பின்னால் ஆக்கியவன் ஒருவன் உள்ளான். அரசு 2016இல் சட்டமியற்றி அமைத்த அலுவலகமோ இன்றும் "காணாமற்போன" என்ற சொல்லையே தன் பெயரில் தாங்கி நிற்கின்றது. ஒரு வினைச்சொல்லில் குற்றவாளி தோன்றுவதையும் மறைவதையும் இதைவிடத் தெளிவாக எங்கு காண்பது?

அரசியலமைப்பிலும் இதே கதைதான். சிங்களம் அரசகரும மொழி என்பது ஒரு வாசகம். தமிழும் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சேர்த்த வாசகம். அந்த "உம்" சமத்துவமா, பின்னிணைப்பா? 2017இன் இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய" என்றும் தமிழில் "ஒருமித்த நாடு" என்றும் எழுதப்பட்டதே. முன்னையது ஒற்றையாட்சியைக் குறிக்கவே வழங்கிவந்த சொல் அன்றோ? இவற்றை விவாதிக்க ஆற்றலுள்ள இளையோர் எம்மிடையே எத்தனை பேர்?

எதிராளியின் சொற்களையும் இவ்வாறே உரசிப்பார்க்க வேண்டும். பேரழிவுப் போரை "மனிதாபிமான நடவடிக்கை" என்று அழைத்த அரசு, பொதுமக்கள் இழப்பு சுழியம் என்பதே தனது கொள்கை என்றது. பின்னர் 2011 ஓகஸ்டில் அதன் பாதுகாப்பு அமைச்சே, பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்க்க இயலவில்லை என ஏற்றது. இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டும் தகுதி, தனது வாக்கியங்களில் முரண்பாடு இல்லாதவனுக்கே உண்டு.

தருக்கம் எமக்கு அந்நியமான கலையன்று. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் காஞ்சியில் கற்பிப்பது அதனையே. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை இருப்பதனால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். பொய்யான ஏதுக்களை ஏதுப்போலி என வகுத்துக் காட்டிய நூல் அது. "புலிகளும் குற்றமிழைத்தனர், ஆதலால் அரசைக் கேட்காதே" என்பது ஓர் ஏதுப்போலி. 2011 அறிக்கை விடுதலைப் புலிகள்மீதும் குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்துள்ளது. தப்பியோடிய மக்கள் சுடப்பட்டதையும் சிறுவர் படையில் சேர்க்கப்பட்டதையும் கூறுகின்றது. அவ்வறிக்கையைக் காட்டி வாதிடுவோர் அப்பக்கங்களையும் படித்திருக்க வேண்டும். ஒருவர் குற்றம் மற்றவர் குற்றத்தைத் துடைத்துவிடாது என்று தயங்காது விடையளிக்க, அவற்றை மறைக்காதவராலேயே முடியும். அதேபோல், ஆதாரம் கேட்டவனை "துரோகி" என்பதும் ஏதுப்போலியே. கேட்டவன் யார் என்பது கேள்விக்கு விடையாகாது.

உறவுகளைப் பறிகொடுத்தவரிடம் சொல்லை அளந்து பேசச் சொல்வது கொடுமையல்லவா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் புதைத்த தாய் எவ்வாறும் அழலாம். அவரை எவரும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் அத்தாயின் பெயரால் சட்டமன்ற உறுப்பினரின் முன் பேசுபவர் சாட்சியல்லர், வழக்குரைப்பவர். வழக்குரைப்பவரின் கவனமின்மைக்கு விலை கொடுப்பவர் அந்தத் தாயே.

பெற்றோரே, உங்கள் பிள்ளை மேடையில் கைதட்டல் பெற்றதுடன் நிறைவடையாதீர்கள். வீடு திரும்பியதும், "இதனை யார் சொன்னார்? எந்த ஆண்டு? எந்தச் சொல்லால்?" என மூன்று கேள்விகள் கேளுங்கள். இளையோரே, அறிக்கைகளின் சுருக்கத்தைப் பிறர் வாயால் கேளாது, மூலத்தைத் திறந்து படியுங்கள். மதிப்பீட்டை மதிப்பீடு என்றும், குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டு என்றும், தீர்ப்பைத் தீர்ப்பு என்றும் உரையுங்கள். 2021 மார்ச்சில் நிறைவேறிய ஐநா மனித உரிமைகள் பேரவைத் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பேணுவதற்கு வழிவகுத்தது. அச்சான்றுகள் என்றேனும் ஒரு நீதிமன்றத்தை அடையுமாயின், அங்கே எமது ஒவ்வொரு வாக்கியமும் உடைத்துப் பார்க்கப்படும். அன்று உடையாத வாக்கியங்களை இன்றே பேசிப் பழகுவோமாக.