விவசாயி கேள்வி: பெட்ரோல் பிரஷர் வாஷர் மக்கர் செய்தால் பம்பைத்தான் மாற்ற வேண்டுமா?

‘‘எட்டு கறவை மாடுகள் உள்ளன. கொட்டகை தோட்டத்துக்குள் இருப்பதால் கழுவும் நேரத்தில் மின்சாரம் இருப்பதில்லை. அதனால் பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர் வாங்கினேன். நடுவில் மூன்று மாதம் அதைத் தொடவில்லை. இப்போது பத்து முறை கயிறு இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. தண்ணீர் துடித்துத் துடித்து வருகிறது. நுரை கன்னில் நுரையே இல்லை. ‘பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று மெக்கானிக் சொல்கிறார். வாங்கிய விலையில் பாதி ஆகுமாம். மாற்றத்தான் வேண்டுமா?’’

- வாசகர், ராசிபுரம்.

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இவர் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டார்ட் ஆகாதது இன்ஜின் கோளாறு. தண்ணீர் துடிப்பது பெரும்பாலும் தண்ணீர் வரத்திலோ நாசிலிலோ உள்ள குறை. நுரை வராதது நுரை கன்னின் அடைப்பு. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால்தான் பம்பைக் கழற்ற வேண்டும்.

முதலில் இன்ஜின்

மூன்று மாதம் டேங்கிலேயே கிடந்த பெட்ரோல்தான் முதல் குற்றவாளி. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட்ட பெட்ரோல் கார்பரேட்டருக்குள் பிசின்போல் படிந்து, ஊசித் துளை அளவே உள்ள ஜெட்டை அடைத்துவிடும்.

கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறிய வடிகால் போல்ட் இருக்கும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, அந்த போல்ட்டைத் தளர்த்தி, பழைய பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடிக்க வேண்டும். டேங்கையும் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கிண்ணத்தைக் கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து பிளக். கரி படிந்திருந்தால் துடைத்து, இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில் குறைந்தால் தானாக நின்றுவிடும் அமைப்பு பல இன்ஜின்களில் உண்டு. மெஷினைச் சமதளத்தில் வைத்து ஆயில் அளவைப் பார்த்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று. இந்த வாஷர்களில் பெரும்பாலானவை 4 ஸ்ட்ரோக் இன்ஜின். புல்வெட்டும் கருவிக்கு 2டி ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை இதில் ஊற்றக் கூடாது. ஆயில் தனி, பெட்ரோல் தனி.

கயிறு இழுக்கக் கடினமாக இருந்தால் கன்னின் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். ஹோஸுக்குள் தங்கிய அழுத்தம்தான் கயிற்றைப் பிடித்து இழுக்கிறது.

தண்ணீர் ஏன் துடிக்கிறது?

பம்ப் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். தண்ணீர் துடிக்கும், பம்ப் கடகடவென்று சத்தம் போடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கெட் போதும். மெஷின் லேபிளில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று போட்டிருந்தால், வாஷருக்குத் தண்ணீர் தரும் ஹோஸில் 15 லிட்டர் பக்கெட் ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் ஆனால் குறை பம்பில் இல்லை. உயரம் குறைந்த தொட்டியிலிருந்து நீளமான அரை அங்குல ஹோஸ் போட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். முக்கால் அங்குல ஹோஸுக்கு மாறி, நீளத்தையும் குறைத்தால் சரியாகும்.

தண்ணீர் போதுமான அளவு வந்தால், பம்பின் நுழைவாயிலில் உள்ள வலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். போர்வெல் மணலும் தொட்டிப் பாசியும் அங்கேதான் சேரும். அதைக் கழுவி மாட்டிவிட்டு, ஹோஸ் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் வெடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் உள்ளே காற்று இழுக்கலாம்.

மூன்றாவது நாசில். இன்ஜினை நிறுத்தி, தண்ணீரை மூடி, விசையை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே நாசிலைக் கழற்ற வேண்டும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, பின்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் நாசிலில் வெள்ளைப் படிவம் பிடிக்கும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் கரைந்துவிடும்.

நாசில் அடைத்தால் பீய்ச்சல் கோணலாகிக் கன் உதறும். நாசில் தேய்ந்தால் பீய்ச்சல் சீராக இருக்கும், ஆனால் வேகம் இருக்காது. தேய்ந்த நாசிலைச் சுத்தம் செய்து பயனில்லை. மெஷினுக்கு உரிய அதே எண் கொண்ட புதிய நாசில் வாங்க வேண்டும். வேகம் போதவில்லை என்று அன்லோடர் வால்வின் திருகை முறுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஹோஸையும் பம்பையும் வெடிக்க வைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் துடித்தால், பம்புக்குள் உள்ள வால்வுகளில் குப்பை சிக்கியிருக்கலாம். பம்ப் ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலோ, பம்பின் அடியில் விடாமல் சொட்டினாலோ சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வால்வு, சீல் இரண்டும் பல பம்புகளுக்குத் தனி செட்டாகக் கிடைக்கின்றன. முழு பம்ப் விலை கேட்கும் மெக்கானிக்கிடம், ‘சீல் கிட் மாற்றினால் போதுமா?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

நுரை கன்னும் மற்ற நாசில்களும்

நுரை கன்னுக்குள் காற்றையும் சோப்பையும் கலக்கும் சிறிய கம்பி வலை இருக்கிறது. சோப்புத் தண்ணீரோடு அப்படியே வைத்தால் வலை காய்ந்து அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் குடுவையில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் அடித்து வெளியேற்றினால் இந்தச் சிக்கலே வராது. அடைத்த வலையை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவலாம்.

பம்போடு சேர்ந்தே வரும் சோப்புக் குழாய் வேறு வகை. அது கறுப்பு நிற நாசில் மாட்டினால்தான் சோப்பை இழுக்கும். மற்ற நாசில்களில் அழுத்தம் அதிகம் என்பதால் இழுக்காது. பழுது என்று நினைக்க வேண்டாம்.

நாசில்களின் நிறம் விரிவின் கோணத்தைக் காட்டுகிறது. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கொட்டகைத் தரைக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். சிவப்பு நாசில் சிமென்ட் தரையையே பெயர்த்துவிடும்.

மணிக்கணக்கு எழுதி வையுங்கள்

மெஷின் ஓடிய நேரத்தைக் கொட்டகைச் சுவரில் குறித்து வைத்தால் பாதிச் செலவு மிச்சம். புதிய இன்ஜினில் முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏர் ஃபில்டரை 50 மணிக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். வைக்கோல் தூசி பறக்கும் இடத்தில் அதற்கும் முன்பே. பம்ப் ஆயிலை முதலில் 50 மணி நேரத்தில் மாற்றுவது வழக்கம். சில பம்புகள் சீல் வைக்கப்பட்டவை, அவற்றில் ஆயில் மாற்றும் வேலை இல்லை. மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி.

தண்ணீர் இணைக்காமல் அரை நிமிடம்கூட ஓட்டக் கூடாது. விசையை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு மேல் இன்ஜினை ஓடவிடவும் கூடாது. அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிக் கொதித்து சீலைக் கெடுக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட வேண்டும். ஆனால், அதுவரை தண்ணீர் இணைப்பு இருக்க வேண்டும். பிறகு ஹோஸைக் கழற்றி, கன் விசையை அழுத்தியபடி இரண்டு முறை கயிறு இழுத்தால் பம்பில் தங்கிய தண்ணீர் வெளியேறும். உறைபனி விழும் நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் இதைத் தவறவிட்டால் தண்ணீர் உறைந்து பம்பே விரிசல் விடும்.

உயிர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

பெட்ரோல் இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த கொட்டகைக்குள்ளும் அறைக்குள்ளும் மெஷினை வைத்து ஓட்டினால் மனிதரும் மாடும் மயங்கி விழுந்து உயிர்போகும். மெஷின் வெளியே நிற்க வேண்டும், ஹோஸ் மட்டும் உள்ளே போகட்டும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது.

பீய்ச்சும் தண்ணீர் தோலைத் துளைக்கும். வெளியே கடுகளவு புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கும். உள்ளே தசை அழுகிவிடும் ஆபத்து உண்டு. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், ‘பிரஷர் வாஷர் தண்ணீர் உள்ளே போய்விட்டது’ என்று சொல்ல வேண்டும். இதே காரணத்தால் மாட்டின் மீதும், குறிப்பாக மடியின் மீதும், இதைப் பீய்ச்சவே கூடாது.

சுருக்கமான கேள்விகள்

‘‘பிளீச்சிங் பவுடர் கரைசலை வாஷரில் ஊற்றி அடிக்கலாமா?’’

- வாசகர், பொள்ளாச்சி.

கூடாது. அதன் கசடு வலையை அடைக்கும், குளோரின் சீலையும் உலோகத்தையும் அரிக்கும். வாஷரால் சாணத்தை முழுவதும் கழுவிய பிறகு, பிளாஸ்டிக் பூவாளியால் கரைசலைத் தெளிக்கலாம். சாணம் இருக்கும் தரையில் தெளித்தால் மருந்து வீண். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

‘‘இதே மெஷினில் பயிருக்கு மருந்து அடிக்கலாமா?’’

- வாசகர், தேனி.

வேண்டாம். இந்த அழுத்தம் இலையைக் கிழித்துவிடும், மருந்து பம்பையும் கெடுக்கும். அதற்கு விசைத்தெளிப்பான்தான் ஏற்றது.

‘‘டிராக்டர் கழுவும்போது கவனிக்க வேண்டியது என்ன?’’

- வாசகர், மன்னார்குடி.

ரேடியேட்டர் தகடுகள், டைனமோ, ஏர் ஃபில்டர் வாய், சக்கர பேரிங் சீல் ஆகியவற்றில் நேராகப் பீய்ச்சக் கூடாது. இன்ஜின் ஆறிய பிறகே கழுவ வேண்டும். கழுவி முடித்த அன்றே எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிட வேண்டும்.