விசைப்பூட்டும் நட்டஈடும்

நிந்தவூரிலும் அதனை அடுத்த ஊர்களிலும் செற்றிக்குத் துணி பிடிக்கும் பட்டறைகளில், சுத்தியல் இருந்த இடத்துக்கு மின்சார ஸ்டேப்பிள் துப்பாக்கி வந்துள்ளது. வேலை விரைகின்றது, அதனை நாம் வரவேற்கின்றோம். ஆயின் அறுவடை ஓய்ந்த மாதங்களில் பட்டறைக்கு அனுப்பப்படும் விவசாயியின் மகனுக்கு, விசை எங்கேயிருக்கின்றது என்பதற்குமேல் எவரேனும் கற்பிக்கின்றனரா?

சிறு கருவிதானே என்று எண்ணுதல் தவறு. மின்சாரம் கம்பிச் சுருளிற் பாய, காந்தவிசையால் உந்தப்படும் தண்டு கம்பியாணியை மரத்தினுள் அறைகின்றது. மரக்கணுவிலோ பழைய ஆணியிலோ பட்டால் அது தெறித்துக் கண்ணில் ஏறலாம். மெல்லிய பலகையாயின் ஊடுருவி, மறுபுறம் தாங்கிய கையில் இறங்கும். ஆணி சிக்கியதும் பிளக்கைக் கழற்றாமலே அதன் வாயை விரலாற் கிண்டுவது எல்லாவற்றிலும் கொடிது. பிளக்கைக் கழற்ற எத்தனை விநாடி செல்லும்? பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றின் விலைதான் என்ன?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாளி ஆக்குகின்றது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிவாங்கிய கடதாசி செல்லாது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. பாதுகாப்புக்கென அமைந்த சாதனத்தை, அஃது அதற்கானதென அறிந்தும் வேலையாள் வேண்டுமென்றே அகற்றியிருப்பின், முதலாளி பொறுப்பை மறுக்க இடமுண்டு. வேகத்துக்காக விசைப்பூட்டை நாடாவால் ஒட்டிவைக்கும் இளைஞன் தன் விரலோடு நட்டஈட்டையும் பணயம் வைக்கின்றான். ஒட்டச் சொன்னவர் முதலாளியேயாயின் வழக்கு வேறு. ஆனால் அதற்குச் சாட்சி சொல்ல அதே பட்டறையில் கூலிக்கு நிற்பவன் எவன் துணிவான்?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பேராலைகளுக்கே உரியதென நினைப்போர் உளர். கூலிக்கு ஆளமர்த்தி, விற்பனைக்குப் பொருள் செய்யும் சிறு பட்டறையும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்கக்கூடும். தொழில் திணைக்களப் பரிசோதகர்கள் இப்பட்டறைகளின் படியேற வேண்டும். அறிவுறுத்தல்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவிக்க வேண்டும்.

காயம் பட்டவர் அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, அது நேர்ந்த விதத்தைப் பதிவு செய்வித்து, முதலாளிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவித்தலைக் கட்டணமின்றி எழுதிக்கொடுக்க இப்பகுதிச் சட்டத்தரணிகள் முன்வருவார்களென எதிர்பார்க்கின்றோம்.