தேவனஹள்ளிக்குப் போகும் பிள்ளைகள்



உலகப் பொருளாதாரம் 2025இல் 3.2 சதவீதமும் 2026இல் 3.1 சதவீதமும் வளரும் என்று பன்னாட்டு நிதியம் 2025 அக்டோபரில் கணித்தது. இந்தியாவுக்கு அது சொன்ன எண் 6.6. உலக வளர்ச்சியில் பாதிக்கு மேல் ஆசியாவிலிருந்துதான் வருகிறது என்கிறார்கள். இந்த மாதிரி எண்களைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவது எளிது. பெங்களூரில் இருந்துகொண்டு அது முடிவதில்லை. அந்த 6.6க்குள் இருக்கிற பிள்ளைகள் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நம் தெருமுனையில்தான் நிற்கிறார்கள்.

தேவனஹள்ளி பக்கம் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2023இல் 300 ஏக்கர் நிலம் வாங்கியது. 2025இல் அங்கே ஐபோன் தயாரிப்பு தொடங்கியது. சில மாதங்களுக்குள் சுமார் 30,000 பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்றும், அவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்றும், பெரும்பாலோர் 19 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்கள் என்றும் அந்த ஆண்டின் இறுதியில் செய்திகள் வந்தன. வீட்டைவிட்டு முதல்முறை வெளியே வந்து, முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகள். இந்த வேலைகள் நம் ஊருக்கு வந்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. மகிழ்ச்சி இருப்பதால்தான் ஒரு கேள்வியும் இருக்கிறது. ஐந்தாறு வருடம் கழித்து இந்தப் பிள்ளை அந்த வேலையை விட்டு வரும்போது, அல்லது வேலை அவளை விட்டுப் போகும்போது, அவள் கையில் என்ன இருக்கும்?

அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தொழிற்சாலைகள் ஆசியாவுக்கு வருவது பழைய கதை. முதலில் ஜப்பான், அடுத்து கொரியாவும் தைவானும், 1980க்குப் பிறகு சீனாவின் ஷென்ஜென் என்று அது நகர்ந்து வந்தது. இப்போது நடப்பது ஆசியாவுக்குள்ளேயே நடக்கும் இடமாற்றம். சீனாவோடு அமெரிக்கா 2018இல் தொடங்கிய வரிச் சண்டையும், 2022இல் சீனாவின் ஷெங்ஷோ ஐபோன் ஆலையில் கொரோனா கட்டுப்பாடுகளால் வந்த குழப்பமும், எல்லாவற்றையும் ஒரே நாட்டில் வைத்திருந்தவர்களை யோசிக்க வைத்தன. அமெரிக்காவில் ஜூன் காலாண்டில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்று 2025 மே மாதம் ஆப்பிளின் டிம் குக் சொன்னார். ஆக, தேவனஹள்ளியில் வேலை பார்க்கும் பெண்ணோடு போட்டி போடுவது அமெரிக்கத் தொழிலாளி இல்லை. ஷெங்ஷோவிலும் வியட்நாமின் பாக் நின்னிலும் அதே வயதில், அதே நீலக் கோட்டில் நிற்கும் இன்னொரு பெண். இன்றைக்கு அங்கிருந்து இங்கே வந்த வேலை நாளைக்கு இங்கிருந்து இன்னோர் ஊருக்குப் போகலாம் என்பதை நாம் தெரிந்துகொண்டே வரவேற்க வேண்டும்.

இது நமக்குப் புதிதில்லை. நம் வாசகர்களில் பலருடைய குடும்பங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் ஆட்கள் போய் அங்கே தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அத்தனை ஆழத்தில், அந்த வெக்கையில், நான்கு தலைமுறை உழைத்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டில் 800 டன் தங்கத்துக்கு மேல் எடுத்த ஊரில் மிஞ்சியவை சயனைடு மேடுகளும், பட்டா கேட்டு நிற்கும் லைன் வீடுகளும்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றும் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறார்கள். அதே கோலார் மாவட்டத்தில், நரசாப்பூரில், இப்போது ஐபோன் செய்கிறார்கள். பாட்டன் தங்கம் எடுத்த மாவட்டத்தில் பேத்தி போன் பூட்டுகிறாள். பாட்டனுக்கு நடந்தது பேத்திக்கு நடக்கக் கூடாது.

பின்னி மில்லையும் சொல்ல வேண்டும். 1884இல் தொடங்கிய மில், பெங்களூர்த் தமிழர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்குச் சோறு போட்ட மில். அங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

இதற்கு நேர்மாறாக ஜாலஹள்ளியையும் தூரவாணி நகரையும் பாருங்கள். 1948இல் ஐடிஐ, 1953இல் எச்எம்டி, 1954இல் பிஇஎல் என்று பொதுத்துறை ஆலைகள் வந்தன. 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்எம்டி கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. இந்த நிறுவனங்களைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தவருக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பிள்ளைகள் கம்பெனி பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. அப்ரண்டிஸாக நுழைந்த பையன் கருவி செய்யக் கற்றுக்கொண்டு வெளியே வந்தான். பீன்யாவில் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் முளைத்ததற்குக் காரணம், இப்படிக் கற்ற கைகள் ஊரில் நிறைய இருந்ததுதான். 2016 ஜனவரியில் எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது மனம் வலித்தது. ஆனாலும் அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்ஜினீயர்கள், ஆசிரியர்கள், நர்ஸுகள். ஆலை போனாலும் குடும்பம் ஒரு படி மேலே ஏறியிருந்தது.

கார்மென்ட்ஸ் அப்படி ஒரு படியைத் தரவில்லை. மைசூர் ரோடு, பீன்யா, பொம்மனஹள்ளி என்று பரந்திருக்கும் இந்தத் தொழிலில் லட்சக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். எட்டாவிட்டால் லைன் சூப்பர்வைசரின் திட்டு. இந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே சேமிப்பு பிஎஃப். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் ஆப்பரேஷன், கந்துவட்டிக் கடன் என்று ஏதாவது வந்தால் வேலையை விட்டு, பிஎஃப் பணத்தை எடுத்து, வேறொரு கம்பெனியில் புதிதாகச் சேர்வார்கள். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. பிஎஃப்பில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது.

கார்மென்ட்ஸ் லைனில் 58 வயதுவரை நிற்கும் பெண்ணை யார் பார்த்திருக்கிறார்கள்? நாற்பதிலேயே கண்ணும் முதுகும் போய்விடும். ஏப்ரல் 18 காலை பொம்மனஹள்ளியில் பெண்கள் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சியும் அழைக்கவில்லை, எந்தச் சங்கமும் நாள் குறிக்கவில்லை. ஒரு ஃபேக்டரியிலிருந்து அடுத்த ஃபேக்டரிக்கு வாய்வழியாகவும் போன்வழியாகவும் செய்தி பரவி, கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது என்றார்கள். மறுநாள் ஜாலஹள்ளியிலும் பீன்யாவிலும் பரவியது. தடியடி நடந்தது, கல் பறந்தது, பஸ் எரிந்தது. அன்று மாலையே அரசு விதியை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. பெங்களூரின் வரலாற்றை யார் எழுதினாலும் அந்த இரண்டு நாளுக்கு ஒரு பெரிய அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாடு முழுவதும் பிஎஃப் கணக்கு வைத்திருந்த கோடிக்கணக்கானவர்களின் பணத்தைக் காப்பாற்றியவர்கள் இந்த ஊரின் தையல்காரப் பெண்கள். அவர்களில் ஒருவருக்கும் அதற்காக யாரும் மாலை போடவில்லை.

அதே பெண்களைத்தான் 2025 ஆகஸ்ட் 27 மறுபடி அடித்தது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட நாள். ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்தது, சட்டைக்கு இல்லை. வரி எண்கள் அடிக்கடி மாறுகின்றன, இனியும் மாறும். ஆனால் ஒரே ஊரில் போன் பூட்டும் பெண்ணுக்கு ஓவர்டைமும், சட்டை தைக்கும் பெண்ணுக்கு ஆர்டர் குறைந்துபோன கவலையும் என்று ஒரே கையெழுத்தால் பிரித்துவிட முடிந்தது. இரண்டு பேருமே அதற்கு எந்த வகையிலும் காரணமில்லை.

போன் ஆலைகளின் கதையும் நேராகப் போகவில்லை. 2020 டிசம்பர் 12 அன்று நரசாப்பூரில், அப்போது விஸ்ட்ரான் நடத்திய ஆலையில், சம்பளம் சரியாக வரவில்லை என்ற கோபம் வெடித்துக் கண்ணாடிகள் நொறுங்கின. பிறகு நடந்த விசாரணையில் சம்பளக் கணக்கிலும் வருகைப் பதிவிலும் குறைகள் இருந்தது தெரிந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2023இல் அந்த ஆலை டாடா எலக்ட்ரானிக்ஸ் கைக்கு மாறியது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர, மற்றவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா 2014 நவம்பர் 1இல் மூடிவிட்டுப் போனது. கட்டடத்தைப் பின்னாளில் சால்காம்ப் வாங்கி, சார்ஜர் செய்யத் தொடங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. இருபது வயதில் நோக்கியாவில் சேர்ந்து, முப்பதை நெருங்கும்போது வெளியே நின்ற பெண்ணுக்கு? புதிய ஆலைகள் மறுபடியும் இருபது வயதுப் பெண்களையே தேடின.

வேலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஏப்ரலில் தமிழ்நாடு அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நேரத்தை நீட்டித்தால்தான் கம்பெனி வரும் என்று சொல்லும் அரசுகளிடம் நான் கேட்க விரும்புவது வேறு. வருகிற கம்பெனி என்ன கற்றுத்தரும்?

1979இல் வங்கதேசத்தின் நூருல் காதர் என்பவர் தன் தேஷ் கார்மென்ட்ஸுக்காக 130 பேரைக் கொரியாவின் பூசானுக்கு அனுப்பினார். டேவூ ஆலையில் அவர்கள் தையல் மட்டுமல்லாமல் தரம் பார்ப்பதும், ஆர்டர் பிடிப்பதும், கணக்கு எழுதுவதும் கற்றுத் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு தனித்தனியே போய் ஆலைகள் தொடங்கியதிலும் மற்ற ஆலைகளில் சேர்ந்ததிலும்தான் வங்கதேசத்தின் ஆடைத் தொழில் வளர்ந்தது. 2013இல் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்ததும் அதே தொழிலில்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் கற்பித்தவர் போன பிறகும் கற்றது நாட்டிலேயே தங்கியது. தேவனஹள்ளியில் ஒரு திருகை மட்டும் நாளெல்லாம் முடுக்கும் பெண்ணுக்கு அந்த மெஷினைப் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுங்கள், மாலையில் டிப்ளமோ படிக்க இடம் கொடுங்கள் என்பதை மானியத்தோடு சேர்த்து நிபந்தனையாக வைக்க ஓர் அரசால் முடியும். உதிரிபாகங்களை இங்கேயே செய்ய மத்திய அரசு 2025இல் 22,919 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அதில் ஒரு பங்கு இந்தப் பெண்களின் படிப்புக்கும் போகட்டும்.

அரசு கேட்காது என்று சொல்லிவிடாதீர்கள். அதே தேவனஹள்ளி தாலுகாவில் விண்வெளித் தொழில் பூங்காவுக்காக 1,777 ஏக்கர் எடுக்கப் பார்த்தபோது, சன்னராயப்பட்டணம் பக்கத்து விவசாயிகள் மூன்று ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2025 ஜூலையில் முதல்வர் சித்தராமையா அந்தக் கையகப்படுத்தலைக் கைவிடுவதாக அறிவித்தார்.

கடைசியாக, பிள்ளைகளை ஓசூருக்கோ நரசாப்பூருக்கோ தேவனஹள்ளிக்கோ அனுப்பியிருக்கும் அம்மா அப்பாக்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி நியமனக் கடிதம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கட்டாயம், வாங்கி பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கம்பெனி நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்திருந்தால் ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. அதனால் வேலை கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா என்று கடிதத்தில் பாருங்கள். பிஎஃப்புக்கான யுஏஎன் எண் ஒன்றுதான் இருக்க வேண்டும், கம்பெனி மாறினாலும் அதையே தொடர வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈஎஸ்ஐ அட்டை வேண்டும், பிள்ளையின் வருமானத்தை நீங்கள் சார்ந்திருந்தால் அதில் உங்கள் பெயரும் சேர முடியும். மாதம் ஒருமுறை போனில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சம்பளச் சீட்டு வந்ததா என்றும் கேளுங்கள்.

வரும் இதழ்களில் இந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் அனுபவங்களை வெளியிட விரும்புகிறோம். பின்னி, எச்எம்டி, ஐடிஐ, தங்கவயல், கார்மென்ட்ஸ், போன் ஆலை எதுவானாலும் சரி. எழுத வராது என்று தயங்க வேண்டாம். தொலைபேசி எண் அனுப்பினால் நாங்களே பேசி எழுதிக்கொள்கிறோம். இப்போது வேலையில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிட மாட்டோம். பழைய அடையாள அட்டை, சங்க ரசீது, பிரிவு உபசாரப் படம் இருந்தால் அனுப்புங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை விரைவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்