பொன்னாடைக்கு முன்னர்

"எழுதும் இன்பமே போதும், விமர்சனம் ஆர்வத்தைக் கொன்றுவிடும்" என்றொரு வாதம் கல்முனைப் பிரதேச இலக்கிய மேடைகளிலே உலவுகின்றது. பொன்னாடை போர்த்துவோர் நூலைப் படித்திருப்பரோ என்பதே ஐயம்!

இதனை மறுக்க வெளியூர்ச் சான்று வேண்டியதில்லை. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் கவிஞர், விமர்சகருங்கூட. 1969இல் 'கவிஞன்' இதழைத் தொடங்கிய அவர், 1979இல் மௌனகுரு, சித்திரலேகா ஆகியோருடன் இணைந்து இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியத்தை மதிப்பிட்டு நூலெழுதினார். அதனாற் கவிதை வற்றிற்றா? 1983இல் 'மழை நாட்கள் வரும்' வெளிவந்ததே.

ஆயின், புறத்தார் கூற்றுக்கெல்லாம் தலைசாய்க்க வேண்டுமென நான் கூறேன். அளவெட்டிக் கவிஞர் மஹாகவியை (1927–1971) முற்போக்கு விமர்சகர் பலர் பொருட்படுத்தவில்லை. அவர்கள் தேடியது கொள்கையை. அவரோ பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொணரும் தம் முயற்சியைக் கைவிடாது செப்பனிட்டார். அவ்வுழைப்பை இனங்கண்டு நிலைநாட்டியவரும் ஒரு விமர்சகரே, அதே நுஃமானே. ஓசையையும் சொல்லையும் தொட்டுக் குறைகூறுவோருக்குச் செவிகொடுக்க. கட்சி அட்டை கேட்போரைத் தள்ளுக.

அடுத்த வெளியீட்டு விழாவிலே, பொன்னாடைக்கு முன்னர், தேறாத கவிதையொன்றைச் சுட்டிக் காரணமுங் கூறும் ஒருவரை மேடையேற்ற நம்மவர் துணிவரா?